ஹிஸ்டீரியா: விழுந்துபோன கால் எப்படிக் கட்டிலை அழுத்துகிறது?

கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறார் ஒரு பெண். வலது கால் மூன்று நாளாக வரவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டர் அந்தக் குதிகாலுக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, "என் கையை அழுத்துங்க" என்கிறார். முகம் சிவக்க முயல்கிறார். கையில் பாரமே தெரியவில்லை. கையை எடுக்காமல் டாக்டர் அடுத்ததைச் சொல்கிறார்: "சரி, அதை விடுங்க. இடது காலைத் தூக்குங்க, நான் மேலேயிருந்து தடுக்கிறேன்." இடது கால் எழும்ப முனைந்த நொடியில், வராத வலது குதிகால் டாக்டரின் கையை மெத்தையோடு சேர்த்து அமுக்குகிறது.

ஒரு காலைத் தூக்கினால் மறுகால் தானாக ஊன்றிக்கொள்ளும். எல்லோர் உடம்பிலும் உள்ள ஏற்பாடுதான். 1908-ல் இதைச் சோதனையாக எழுதிவைத்த அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூவரின் பெயரால் இது 'ஹூவர் குறி'. பக்கவாதத்தில் நரம்புப் பாதையே பழுதாகியிருப்பதால் எந்த வழியில் கேட்டாலும் அந்தப் பலம் வராது. இங்கே, ஹிஸ்டீரியா என்று அழைக்கப்பட்டுவந்த இந்த நோயில், பாதை சரியாக இருக்கிறது. நினைத்தால் வரவில்லை, நினைக்காதபோது வருகிறது.

"அப்போ நடிக்கிறாளா?" கூட வந்தவர்கள் கேட்பது இதைத்தான். நடிப்பு இல்லை. வேகமாகப் படியிறங்கும்போது எந்தக் கால் முன்னால் என்று யோசித்துப் பாருங்கள், தடுமாறும். பழகிய அசைவுக்குள் கவனம் புகுந்தால் அது கெடும். இந்த நோயில் அந்தக் கோளாறு பெரிதாகி, பிடித்துக்கொண்டு விடுகிறது. 'கால் வராது' என்ற எதிர்பார்ப்பு மூளைக்குள் ஊறிப்போய், கட்டளையையே முந்திக்கொள்கிறது. மூளைப் படங்களிலும், 'இதைச் செய்வது நான்தான்' என்ற உணர்வோடு தொடர்புள்ள பகுதியின் வேலை மாறியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

ஹிஸ்டீரியா என்ற அந்தப் பெயரில்தான் வம்பே. கிரேக்க மொழியில் 'ஹிஸ்டெரா' என்றால் கருப்பை. பெண்களின் நோய் என்று முத்திரை குத்தியாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ ஆண்களிலும் இதைக் காட்டினார். முதல் உலகப்போரில் காயமே இல்லாமல் பேச்சும் நடையும் போன சிப்பாய்களைப் பார்த்த பிறகும் முத்திரை லேசில் அழியவில்லை. 1980-ல் அமெரிக்க மனநல வகைப்பாடு அந்தப் பெயரைக் கைவிட்டது. இன்றைய பெயர், செயல்சார் நரம்பியல் கோளாறு. நம் ஊரில் கேட்டால் 'காத்து கருப்பு' என்பார்கள்.

மன அழுத்தம், சிறுவயதுக் கொடுமைகள் இதற்கு வழிவிடலாம். எல்லோருக்கும் அப்படி ஒரு கதை இருக்கும் என்றில்லை. கால் சுளுக்கிலோ ஒற்றைத் தலைவலியிலோ தொடங்கியவர்களும் உண்டு. அதனால்தான் மனக்காரணம் இருந்தே தீரவேண்டும் என்ற நிபந்தனை 2013-ல் அதே அமெரிக்க வகைப்பாட்டிலிருந்து நீக்கப்பட்டது.

கை நடுக்கம், குரல் போவது, பார்வை மங்குவது எனப் பல வடிவில் வரும். அதிகம் குழப்புவது வலிப்பு. காக்காய் வலிப்பில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும், ஓரிரு நிமிடத்தில் அடங்கும். இதில் பெரும்பாலும் கண் இறுக மூடியிருக்கும், தலை இடவலமாக ஆடும், நெடுநேரம் நீளும். வீடியோவோடு எடுக்கும் ஈஈஜி, அதாவது மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை, உறுதிசெய்யும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் இரண்டுமே நிற்காது. தானாக நிற்கும் நேரத்தில் சாவிக்குப் பெயர் கிடைக்கிறது. வலிப்பு மாத்திரையும் இதற்குக் கேட்காது.

ஒன்று மட்டும்: திடீரென்று கை கால் விழுந்தால் வீட்டில் வைத்து இதெல்லாம் சோதிக்க வேண்டாம். பக்கவாதமாக இருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம்தான்.

சிகிச்சை அந்த ஹூவர் குறியிலேயே தொடங்குகிறது. "பாருங்க, உங்க கால் இப்போ அழுத்துச்சு" என்று டாக்டர் நோயாளிக்கே காட்டுகிறார். "ரிப்போர்ட் நார்மல், உங்களுக்கு ஒண்ணுமில்லை" என்று அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல். பிறகு பிசியோதெரபி. கவனத்தைக் காலிலிருந்து திருப்புவதுதான் அதன் சூட்சுமம்: பின்பக்கமாக நடக்கச் சொல்வார்கள், பாட்டுக்குத் தாளம் போட்டபடி நடக்கச் சொல்வார்கள். முன்னால் ஓரடி வைக்க முடியாதவர் சில சமயம் பின்பக்கமாகச் சரளமாக நடந்துவிடுவார். வலிப்பு வடிவில் வருபவர்களுக்கு, வரும் முன் தெரியும் படபடப்பை அடையாளம் கண்டு திசைதிருப்பப் பழக்குவார்கள். பலருக்கு மாதக்கணக்கில் ஆகும். சிலருக்குத் திரும்பவும் வரும்.