காகிதத்தில் பிறந்த ஆமை

சென்னை விமான நிலையத்தில் நட்சத்திர ஆமைகள் பிடிபட்ட செய்தி அவ்வப்போது வரும். படத்தையும் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையில் அடங்கும் குட்டிகள், கரிய ஓட்டில் மஞ்சள் கதிர்கள். சில சமயம் கால் அசையாதபடி டேப் சுற்றியிருப்பார்கள். சரி, பிடிபட்டவை தப்பின. பிடிபடாமல் போனவை வெளிநாட்டுக் கடையில் கண்ணாடித் தொட்டிக்குள் பகிரங்கமாக விற்பனைக்கு உட்கார முடிவது எப்படி?

இதற்கு, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் இயங்கும் விதம் தெரிய வேண்டும். 1973 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. காட்டைக் காக்கும் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு நாட்டுக்குள் நடக்கும் வேட்டையில் சைட்டீஸ் தலையிடாது. சரக்கு எல்லையைத் தாண்டும்போதுதான் காகிதம் கேட்கும்.

அதன் பட்டியலில் சுமார் 40,000 இனங்கள் உள்ளன. யானை, புலி என்று பேசினாலும் பெரும்பகுதி தாவரங்கள், அதிலும் ஆர்க்கிட்கள்தான் அதிகம். பட்டியல் மூன்று பின்னிணைப்புகளாகப் பிரிந்திருக்கிறது. புலி போன்றவை முதல் பின்னிணைப்பில் வரும். காட்டிலிருந்து பிடித்து வணிகம் செய்யவே கூடாது. இரண்டாவதில் வணிகம் உண்டு, ஆனால் ‘இவ்வளவு எடுத்தால் இனத்துக்குக் கேடில்லை’ என்று ஏற்றுமதி நாட்டின் அறிவியல் அதிகாரி சொல்ல வேண்டும். மூன்றாவது, தன் நாட்டு உயிரினத்துக்காக ஒரு நாடு மற்றவர்களிடம் கேட்கும் உதவி.

கேடில்லை என்று சொல்ல முதலில் எண்ணிக்கை தெரிய வேண்டுமே! முள்புதருக்கடியில் பதுங்கும் ஆமையை யார் எண்ணுவது? அதைவிட வசதியான வழி ஒன்று கடத்தல்காரர்களுக்கு இருக்கிறது. அனுமதிச் சீட்டில் ‘எங்கிருந்து வந்தது’ என்பதற்கு ஓர் எழுத்து போடுவார்கள். காட்டில் பிடித்தது ‘டபிள்யூ’. காட்டு ஆமைகளுக்குக் கூண்டில் பிறந்த முதல் தலைமுறை பொதுவாக ‘எஃப்’. இரண்டாம் தலைமுறை வரை அங்கேயே பெருக்கிக் காட்டக்கூடிய பண்ணை என்றால் ‘சி’. காட்டுக் குட்டிக்கு ‘சி’ போட்டுவிட்டால், பிடித்த இடமே மறைந்துபோகிறது.

பொய்யைக் கண்டுபிடிக்கச் சாதாரணக் கணக்கே போதும். பண்ணையில் 20 பெண் ஆமைகள், ஒவ்வொன்றுக்கும் வருடத்தில் 10 குட்டி தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200. அந்தப் பண்ணை 2,000 குட்டிக்கு அனுமதி கேட்டால், மீதி 1,800க்குத் தாய் எங்கே? நட்சத்திர ஆமை ஒரு தடவைக்குச் சில முட்டைகளே இடும். பெண் குட்டி வளர்ந்து முட்டையிடவும் பல வருடங்கள் ஆகும். அவசரத்துக்குப் பெருகும் பிராணி அல்ல.

இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகள் கேட்டதன்பேரில், 2019இல் ஜெனீவா மாநாட்டில் இந்த ஆமை இரண்டாவதிலிருந்து முதல் பின்னிணைப்புக்கு ஏறியது. இப்போது பொதுவாக ஏற்றுமதிச் சீட்டோடு இறக்குமதி நாட்டின் சீட்டும் வேண்டும். விற்பனைக்கென்றே வளர்த்து ஏற்றுமதி செய்யும் பண்ணை, ஜெனீவாவில் உள்ள செயலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தாய் ஆமைகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி அங்கேயே எழும்.

நம் சட்டத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. வெளிநாட்டுப் பிராணி சுங்கத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கண்டுகொள்ளாது. 2022இல் செய்த திருத்தம்தான் சைட்டீஸ் பட்டியலை அதற்குள் கொண்டுவந்தது. வீட்டில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வளர்ப்பவர் இப்போது அதை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அது குஞ்சு பொரித்தால், குஞ்சையும்.