ஒன்ராறியோவில மணிக்கூடு மாத்துறதை நிப்பாட்டச் சட்டம் வந்திட்டுது, அப்ப ஏன் இன்னும் மாத்துறம்?

ஒவ்வொரு மார்ச்சும் நவம்பரும் இதே கேள்விதான். "உதை நிப்பாட்டுறதெண்டு எப்பவோ சட்டம் பாஸ் பண்ணீட்டினமாம், பிறகேன் இன்னும் மாத்துறம்?" எண்டு மச்சாளும் கேட்டவ. சட்டம் பாஸானது உண்மைதான், 2020 நவம்பரில. ஆனா அது இன்னும் அலுமாரிக்குள்ளதான் கிடக்கு. ஏன் எண்டு கீழ சொல்லுறன், அதோட நைட் ஷிப்ட் செய்யிற ஆக்களுக்கு அந்த ரெண்டு இரவும் சம்பளம் எப்பிடி எண்டும் சொல்லுறன், ஏனெண்டால் வருஷா வருஷம் இதைப்பற்றி இவ்வளவு கதைக்கிறம், காசு பற்றி ஆரும் வாய் திறக்கிறேல்லை.

முதல் இப்ப இருக்கிற விதி. மார்ச் ரெண்டாவது ஞாயிறு விடியப்புறம் 2 மணியை 3 ஆக்கிறது, இது கோடைநேரம், நவம்பர் முதல் ஞாயிறு விடியப்புறம் 2 மணியைத் திருப்பி 1 ஆக்கிறது, இது குளிர்கால நேரம். முந்தி ஏப்ரலில தொடங்கி ஒக்டோபர் கடைசியோட முடிஞ்சிடும், 2007இல அமெரிக்கா நாளைக் கூட்ட ஒன்ராறியோவும் பின்னால போனது. கனடாவில நேரம் எண்டது மாகாண அரசாங்கத்தின்ர அலுவல். அதாலதான் சஸ்கச்சுவானில அநேகமா எல்லா இடத்திலயும் மாத்துறதே இல்லை, யூக்கொன் 2020இல விட்டிட்டுது. ஒன்ராறியோவுக்குள்ளயே வடமேற்கில அற்றிகோகன் எண்டொரு சின்ன ஊர் வருஷம் முழுக்க ஒரே நேரத்திலதான் இருக்கு. பகிடி என்னெண்டால் உலகத்திலயே முதல் முதல் இந்த வேலையைத் தொடங்கினதும் ஒன்ராறியோதான், போர்ட் ஆதர் எண்ட ஊர், 1908 ஜூலை 1, இப்ப அது தண்டர் பே நகரத்துக்குள்ள இருக்கு. ஜேர்மனி நாடு முழுக்கக் கொண்டுவந்தது 1916இலதான்.

சரி, 2020 சட்டம் என்ன சொல்லுது? நவம்பரில பின்னுக்கு எடுக்கிறதை விட்டிட்டு வருஷம் முழுக்கக் கோடைநேரத்திலயே நிக்கிறது. ஒட்டாவாப் பக்கத்து மாகாண உறுப்பினர் ஒருத்தர் கொண்டுவந்தவர், பெரிய எதிர்ப்பும் இல்லாமல் பாஸாகினது. ஆனா எண்டைக்கு நடைமுறைக்கு வரும் எண்டு சட்டத்தில திகதி இல்லை, அரசாங்கம் அறிவிக்கிற நாளிலதான் வரும். நியூயோர்க்கும் கியூபெக்கும் எங்களோட சேந்து மாறினால்தான் அறிவிப்பம் எண்டு அரசாங்கம் சொல்லிப்போட்டுது.

நொண்டிச்சாட்டு மாதிரி இருக்கும், ஆனா ஒட்டாவாவில இருக்கிற ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ. ஆத்துக்கு அங்கால கட்டினோ, அது கியூபெக். வீடு ஒரு கரை, கந்தோர் மற்றக் கரை, பிள்ளைக் காப்பகம் திரும்ப இந்தக் கரை எண்டு ஓடுற சனம். பாலத்தில ஏறி இறங்க ஒரு மணித்தியாலம் மாறுமெண்டால் ஆர் தாங்கிறது? மற்றது பங்குச்சந்தை. ரொறொன்ரோவும் நியூயோர்க்கும் ஒரே நேரம் 9.30க்குத் திறக்கிறது, அதைக் குழப்ப ஒருத்தருக்கும் விருப்பமில்லை.

கியூபெக் 2024இல சனத்திட்டக் கருத்துக் கேட்டது, 2 லட்சத்துக்கு மேல பதில் வந்து 91 சதவீதம் பேர் மாத்துறதை நிப்பாட்டச் சொல்லிச்சினம். அப்ப இடைஞ்சல் நியூயோர்க். ஆனா நியூயோர்க் நினைச்சாலும் ஏலாது. அமெரிக்காவில 1966இல ஒரு சட்டம் போட்டவை, அதின்படி ஒரு மாநிலம் விரும்பினால் வருஷம் முழுக்கக் குளிர்கால நேரத்தில நிக்கலாம், அரிசோனாவும் ஹவாயும் அப்பிடித்தான் நிக்குது, ஆனா வருஷம் முழுக்கக் கோடைநேரத்தில நிக்கிறதெண்டால் அமெரிக்கக் காங்கிரஸ் விடவேணும். 2022 மார்ச்சில செனட் ஒருமனதா விட்டது, மற்றச் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கேல்லை, காலாவதியாகிப் போச்சு. இப்ப விளங்குதோ? ஸ்காபரோவில உங்கட அடுப்பில இருக்கிற மணிக்கூட்டை மாத்துறதோ விடுறதோ எண்டது வாஷிங்டனில போய் நிக்குது.

மாத்துறதை வெறுக்கிறதில எல்லாரும் ஒண்டு. எந்த நேரத்தில நிக்கிறது எண்டு கேட்டால்தான் அடிபாடு. கோடைநேரம் வேணுமெண்டுறவை சொல்லுறது நியாயம்தான், டிசம்பரில 4.40க்கே பொழுதுபட்டால் வேலையால வாற மனிசருக்கு வெளிச்சம் எண்டு ஒண்டும் மிச்சமில்லை, கோடைநேரத்தில நிண்டால் அது 5.40 ஆகும். ஆனா காலமையைப் பாக்கவேணும். ரொறொன்ரோவில ஜனவரித் தொடக்கத்தில சூரியன் 7.50க்கு வருது, கோடைநேரத்தில நிண்டால் 8.50. ஜனவரிப் பனிக்குள்ள ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளையளை நினைச்சுப் பாருங்கோ, முதல் பாடம் தொடங்கியும் வெளியில இருட்டா இருக்கும். அமெரிக்காக்காரர் இதைச் செய்து பாத்தவை. 1974 ஜனவரியில எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்காக ரெண்டு வருஷத்துக்கெண்டு கோடைநேரத்தில நிண்டவை, முதல் மாசமே தாய் தகப்பன்மார் கத்தத் தொடங்க, ஒக்டோபரில சட்டத்தை மாத்தித் திரும்பக் குளிர்கால நேரத்துக்குப் போச்சினம்.

நித்திரை பற்றி ஆராயிற டொக்டர்மார் மற்றப் பக்கம், நிக்கிறதெண்டால் குளிர்கால நேரத்தில நில்லுங்கோ எண்டுறவை, ஏனெண்டால் காலமை வெளிச்சம்தான் உடம்பின்ர மணிக்கூட்டைச் சரிபண்ணுறது. எனக்கும் அதுதான் சரியெண்டு படுது, ஆனா வீட்டில நான் தனி ஆள். அதோட ஒரு விசயம், ரொறொன்ரோ இருக்கிற இடத்துக்குக் குளிர்கால நேரமே சூரியனைவிட ஒரு 18 நிமிஷம் முன்னுக்குத்தான் ஓடுது, கோடையில சூரியன் உச்சிக்கு வர 1.20 ஆகும், அதாலதான் ஊர்க் கலண்டரைப் பாத்து ராகுகாலம் சொல்லுற பெரியம்மாவுக்கு இஞ்ச ஒருநாளும் கணக்குச் சரிவாறேல்லை. ஆனா குளிர்கால நேரத்தில நிண்டால் ஜூனில 4.36க்கு விடியும், அதையும் சொல்லவேணும். அல்பேர்ட்டாவில 2021இல வாக்கெடுப்பு வைச்சு வருஷம் முழுக்கக் கோடைநேரம் வேணுமோ எண்டு கேட்டவை, 50.2 சதவீதம் வேண்டாம் எண்டிச்சினம், மயிரிழை.

பக்கத்து ஆக்களோட நேரம் மாறினால் என்ன நடக்கும் எண்டு எங்கட ஆக்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1996இல இலங்கையில மழை இல்லாமல் நீர்த்தேக்கம் வத்திக் கரண்ட் தட்டுப்பாடு வர, மே மாசம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிச்சினம், ஒக்டோபரில அரை மணித்தியாலம் திருப்பி எடுத்தவை, மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரைக்கும் அப்பிடியே நிண்டது. புலிகளிட்ட இருந்த இடங்களில அதை ஏற்கவே இல்லை, பழைய நேரம்தான். ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அரை மணித்தியாலம் மாறும். ஆரும் நேரம் சொன்னால் "பழைய நேரமோ புது நேரமோ" எண்டு கேட்டபிறகுதான் மற்றக் கதை, கலியாணக் கார்டிலயும் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில எந்த நேரம் எண்டு போட்டால்தான் சனம் தாலி கட்ட முன்னம் வந்து சேரும். அதால ஒன்ராறியோ தனியா மாறமாட்டன் எண்டுறதில எனக்குக் கோபமில்லை.

இனிச் சம்பளம். ஒன்ராறியோ வேலைச் சட்டப்படி எவ்வளவு மணித்தியாலம் வேலை செய்தீங்களோ அவ்வளவுக்குச் சம்பளம், மணிக்கூடு என்ன காட்டினது எண்டது கணக்கில்லை. சனி இரவு 11க்குப் போய் ஞாயிறு காலமை 7க்கு வாறியள், அதில அரை மணித்தியாலச் சாப்பாட்டு நேரம் சம்பளமில்லை எண்டு வைப்பம். வழமையா ஏழரை. மார்ச் மாத்துற இரவு ஆறரைதான் செய்திருப்பியள், ஆறரைக்குத்தான் அவை கட்டாயம் தரவேணும், சில முதலாளிமார் தங்கட விருப்பத்தில ஏழரைக்கும் போடுவினம். நவம்பர் இரவு எட்டரை, எட்டரைக்கும் தந்தே ஆகவேணும். அந்தக் கூடின மணித்தியாலத்தோட கிழமைக்கு 44 மணித்தியாலம் தாண்டினால், பொதுவா மேலதிகமா வந்ததுக்கு ஒண்டரை மடங்கு. யூனியன் இருக்கிற இடமெண்டால் ஒப்பந்தத்தில இதைவிட நல்லா எழுதியிருக்கலாம், பிரச்சினை வந்தால் யூனியனுக்குள்ளாலதான் போகவேணும். யூனியன் இல்லாத ஆக்கள் மாகாணத் தொழில் அமைச்சுக்கு ஒன்லைனில முறைப்பாடு போடலாம், காசில்லை, ரெண்டு வருஷத்துக்குள்ள போடவேணும்.

கள்ளத்தனம் இல்லாமலும் இதில பிழை வரும். நான் முந்தி வேலை செய்த வெயார்ஹவுஸில ஒரு நவம்பர் மாத்துற இரவு பஞ்ச் பண்ணுற மெஷின் இன் 11, அவுட் 7 எண்டு மட்டும்தான் பதிஞ்சது, கொம்பியூட்டர் கழிச்சுப் பாத்து 8 எண்டு போட்டிட்டுது, சாப்பாட்டு அரையும் போக ஏழரை. ஒரு மணித்தியாலம் காணேல்லை எண்டு சூப்பர்வைசரிட்டப் போனால், மார்ச்சில ஒண்டு குறையத்தானே செய்வியள், அதோட சரி எண்டார். மார்ச்சில நான் பகல் ஷிப்டுக்கு மாறுறது அவருக்கே தெரியும், அவர்தான் அந்தப் பேப்பரில கையெழுத்துப் போட்டவர். அதைச் சொல்லிப்போட்டு, அண்டைக்கு இரவு 1.30 எண்டு ரெண்டு தரம் ஸ்கான் பண்ணின பெட்டியளின்ர லிஸ்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்ப் பேரோல் பிள்ளைக்குக் காட்டினன். அவ சிரிச்சுப்போட்டு எங்கட லைனில நிண்ட 14 பேருக்கும் அடுத்த செக்கில ஒரு மணித்தியாலம் போட்டுவிட்டவ.