"கேஸ் முடிஞ்சு போச்சு" என்றாலும் மரண விசாரணை கேட்கலாம்

"அந்த கேஸ் எப்பவோ முடிஞ்சு போச்சும்மா." சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வெளியூருக்கு வேலைக்குப் போன பிள்ளை தீயில் கருகி இறந்திருந்தால், இந்த ஒரு வார்த்தையைக் கேட்டே அம்மா வீடு திரும்பிவிடுவார். திரும்ப வேண்டியதில்லை.

அயர்லாந்தின் டப்ளினில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஸ்டார்டஸ்ட் இரவு விடுதி 1981 பிப்ரவரி 14 விடியற்காலையில் எரிந்து 48 பேர் இறந்தார்கள். எல்லாரும் 16 முதல் 27 வயதுப் பிள்ளைகள். யாரோ தீ வைத்திருக்கலாம் என்று 1982-இல் ஒரு விசாரணை எழுதிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு அந்தச் சந்தேகமும் சேர்ந்து ஒரு சுமை. குடும்பங்கள் விடவில்லை. 2009-இல் அந்த முடிவு விலக்கப்பட்டது. 2019-இல் அந்நாட்டுச் சட்டத்துறைத் தலைவர் புதிய மரண விசாரணைக்கு உத்தரவிட்டார். 2024 ஏப்ரலில்தான், மின்கோளாறில் தீப் பிடித்தது, 48 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள் என்று தீர்ப்பு வந்தது. 43 வருடம்!

நம் மலேசியாவிலும் அதே வாசல் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 339-ஆம் பிரிவின்படி, ஒரு மரணத்தை விசாரிக்கச் சொல்லி அரசு வழக்குத் தொடுநர், அதாவது சட்டத்துறைத் தலைவர், எந்த நேரத்திலும் உத்தரவிடலாம். முடிந்த விசாரணையையும் திறக்கச் சொல்லலாம். எங்கே, எப்போது, எப்படி இறந்தார், அதில் யாருக்காவது குற்றப் பொறுப்பு உண்டா என்பதையே மரண விசாரணை நீதிமன்றம் பார்க்கும். அது யாருக்கும் தண்டனை தராது. அதன் முடிவு தவறென்று பட்டால் உயர்நீதிமன்றத்தில் சீராய்வு கேட்கலாம். ஊழல் தடுப்பு ஆணையத்தின் விசாரணைக்குப் போய் இறந்து கிடந்த அரசியல் உதவியாளர் தியோ பெங் ஹோக் வழக்கில், 2011-இல் தற்கொலையும் இல்லை, கொலையும் இல்லை என்று வந்த முடிவை, 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது.

பணத்துக்கு மட்டும் கெடு உண்டு, இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இறந்தவரைச் சார்ந்திருந்த கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் 1956 சிவில் சட்டப்படி நஷ்டஈடு கேட்க, இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். விசாரணை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் அந்த உரிமை போய்விடும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

சரி, எங்கே போவது? இறப்புச் சான்றிதழ், போலீஸ் புகார் நகல், சவப் பரிசோதனை அறிக்கை, போம்பா (தீயணைப்புத் துறை) அறிக்கை, கிடைத்தவரை சேருங்கள். ஒன்றிரண்டு இல்லாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று சொல்லி சட்டத்துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதுங்கள்: பின்கதவு ஏன் பூட்டியிருந்தது? கடைசியாகப் பிள்ளையைப் பார்த்தவரிடம் வாக்குமூலம் வாங்கினார்களா? இப்படிக் குறிப்பாகக் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். மலாயில் எழுதத் தயக்கமாக இருந்தால், ஈப்போவில் பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள். கடிதத்தை நேரில் கொடுத்தால், சாப்பா (முத்திரை) குத்திய நகல் ஒன்றை வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.