தேனும் சர்க்கரைதான், தயவுசெய்து நம்புங்கள்

இந்த வாரமும் ஒரு சர்க்கரை நோயாளி. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், நடக்கிறார், ஆனால் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஏறியிருக்கிறது. சாப்பாட்டில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டால், "சீனியைத் தொடுவதே இல்லை டாக்டர், எல்லாவற்றுக்கும் தேன்தான், அது இயற்கையானதாச்சே" என்கிறார். எத்தனை பேருக்குத்தான் இதைச் சொல்வது!

சீனி என்பது சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் பிணைந்த மூலக்கூறு. தேனில் இருப்பதும் பெரும்பாலும் அதே இரண்டுதான், பிணைப்பு மட்டும் இல்லை. பூவிலிருந்து எடுத்த சுக்ரோஸைத் தேனீ தன் நொதியால் முன்பே உடைத்துவிட்டது. சீனி சாப்பிட்டால் அந்த வேலையை உங்கள் சிறுகுடல் செய்கிறது. உடைந்து ரத்தத்துக்குள் வந்த குளுக்கோஸ் தேனிலிருந்து வந்ததா, சீனியிலிருந்து வந்ததா என்று உடம்புக்குத் தெரியாது. இரண்டிலும் அதே 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன், அதே அமைப்பு. இதில் இயற்கை எங்கே, செயற்கை எங்கே? பழுப்புச் சர்க்கரைக்கும் இதே பதில்தான்.

அளவையும் பாருங்கள். ஒரு டீஸ்பூன் சீனி சுமார் 4 கிராம். அதே டீஸ்பூனில் தேன் சுமார் 7 கிராம் பிடிக்கும், அதில் சர்க்கரை மட்டுமே 5 கிராமுக்கு மேல். கரண்டிக்குக் கரண்டி மாற்றினால் கூடத்தான் சாப்பிடுகிறீர்கள்.

"ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டரில் அவ்வளவாக ஏறவில்லையே" என்பார்கள் சிலர். மீட்டர் குளுக்கோஸை மட்டும்தான் அளக்கும். ஃபிரக்டோஸிலும் அதே எண்ணிக்கையில் அதே அணுக்கள்தான், அடுக்கு மட்டும் வேறு. அந்த வித்தியாசத்தால் அதன் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போகிறது, அளவு மீறினால் அங்கே கொழுப்பாக மாறுகிறது. மீட்டரில் தெரியாததால் அது இல்லை என்று ஆகிவிடாது.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த பரிந்துரையில், ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொன்ன சர்க்கரைக் கணக்கில் தேனும் பழச்சாறும் சேர்த்திதான். முழுப் பழம் சேராது, அதனால் பயந்துபோய்ப் பழத்தை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, சர்க்கரை நோய்க்கு அகார்போஸ் என்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு. அது குடலில் சுக்ரோஸ் உடைவதையே தாமதப்படுத்துகிறது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கும்போது சீனியைக் கரைத்துக் குடித்தால் சீக்கிரம் ஏறாது. நேரடியாகக் குளுக்கோஸ் 15 கிராம் எடுங்கள், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். குளுக்கோஸ் மாத்திரையோ பொடியோ கையில் இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூட வேண்டாம். அதில் பாட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம், பிஞ்சுக் குடலால் தாங்க முடியாது.

அப்புறம், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டால் தேனையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், தேவையே இல்லாமல் உங்கள் மாத்திரையின் அளவு கூடும்.