சுட்ட உறையை ஒடுக்கும் டை: எதை வாங்குவது, ஏன்?

9 மி.மீ. லூகர் என்னும் கைத்துப்பாக்கித் தோட்டா வெடிக்கும்போது வாயு அழுத்தம் பித்தளை உறையைத் துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்ட விரிக்கிறது. அழுத்தம் தணிந்ததும் உறை இம்மி சுருங்குவதால்தான் வெளியே உருவ முடிகிறது. பழைய அளவுக்கு அது திரும்புவதில்லை. அமெரிக்காவில் தோட்டாக்களைத் தாமே மறுநிரப்பும் சுடுபயிற்சியாளர்கள் அதனால்தான் உறையை முதலில் டை என்னும் துளையிட்ட உலோக அச்சுக்குள் அழுத்தி ஒடுக்குகிறார்கள்.

70 சதம் செம்பும் 30 சதம் துத்தநாகமும் கலந்த இந்தப் பித்தளை, நெருக்கியதும் சற்றே மீளும். ஆகவே டையின் துளை, தேவையான அளவைவிடச் சிறியதாகவே கடையப்படுகிறது. பலமுறை சுட்ட உறை இறுகிப்போய் அதிகம் மீளும். வாயில் செருகிய குண்டின் மேல் அதன் பிடி தளரும். அப்படித் தளர்ந்த குண்டு, தோட்டா அறைக்குள் ஏறும்போது பின்னோக்கி அமுங்கினால் உள்ளிடம் குறைந்து அழுத்தம் ஆபத்தாக எகிறும். சோதிப்பது எளிது: தோட்டாவின் நீளத்தை அளந்துகொண்டு, குண்டின் மூக்கை மேசை விளிம்பில் கட்டைவிரல் பலத்தால் அழுத்தி மறுபடி அளக்க வேண்டும். நீளம் குறையக் கூடாது.

எஃகு டையில் பித்தளை ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தடவாத உறை உள்ளே சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளில் வளையம் பதித்த டைக்கு அந்தத் தொல்லை இல்லை. கைத்துப்பாக்கி உறைகளுக்கு அதையே வாங்கலாம். ஆனால் கார்பைடு நொறுங்கக்கூடியது. உறையின் அடியைப் பிடித்து டைக்குள் தள்ளும் உறைதாங்கி அதில் மோதாதபடி மயிரிழை இடைவெளி விட்டுத்தான் டையைப் பொருத்த வேண்டும்.

.45 ஏசிபி என்னும் மற்றொரு கைத்துப்பாக்கித் தோட்டாவின் உறை ஏறக்குறைய நேர் உருளை என்பதால் ஒற்றை வளையமே போதும். 9 மி.மீ. உறையோ அடியில் 9.93, வாயில் 9.65 மி.மீ. எனக் கூம்பிச் செல்வது. வாயளவுக்குக் கடைந்த ஒற்றை வளையம் அதன் கீழ்ப்பகுதியையும் தேவையின்றி நெரிக்கும். குண்டு வைத்தபின் நடுவில் இடுப்பு விழுந்ததுபோல் தெரியும், பித்தளையும் சீக்கிரம் களைக்கும். இரண்டு அளவில் இரு வளையங்கள் கொண்ட டை இதைத் தவிர்க்கிறது. விலை கூடுதல்தான், 9 மி.மீ. நிறையச் சுடுபவருக்குத் தகும்.

துளையை வழக்கத்தைவிட 0.001 அங்குலம் குறுக்கிய டைகளும் உண்டு. உறைச்சுவர் மெல்லியதாகிக் குண்டு நழுவினால் மட்டுமே அவை தேவை. மென்மையான ஈயக் குண்டை அவ்வளவு இறுகிய உறை நசுக்கிவிடும்.