ஹாம்ஸ்டரின் மணிக்கூடு

யாழ்ப்பாணத்தில் ஹாம்ஸ்டர் என்ற, எலியைப் போன்ற சிறிய வளர்ப்புப் பிராணியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பகலில்தான் கடைக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் அது கூட்டின் மூலையில் சுருண்டு படுத்திருக்கும். நல்ல சாதுவான பிராணி, பிள்ளைக்கு ஏற்றது என்று நம்பி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். இரவு ரீவியை நிறுத்தி, கேற்றைப் பூட்டி, பாயை விரித்த பிறகுதான் விஷயம் தெரியவரும். முதலில் மெல்லிய கரகரப்பு. பிறகு கூட்டுக்குள் அது ஏறி ஓடும் சில்லு கடகடவென்று சுற்றத் தொடங்கும். அதிலும் அலுத்துப்போனால் கம்பியைப் பல்லால் கடித்து இழுக்கும் சத்தம்.

பசிக்கிறது, பயப்படுகிறது, தனிமையில் வாடுகிறது என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். துணைக்கு இன்னொன்றை வாங்கி விடுங்களேன் என்று பக்கத்து வீட்டு அன்ரி யோசனை சொல்வா. அதை மட்டும் செய்யவேண்டாம். நம் கடைகளில் கிடைக்கும் சற்றுப் பெரிய, பொன்னிற ஹாம்ஸ்டர் சிரிய இனம். அது தனித்து வாழும் பிராணி. வளர்ந்த இரண்டை ஒரே கூட்டில் விட்டால் ஒன்றையொன்று குதறிவிடும்.

அந்த இரவுச் சத்தம் தவிப்பல்ல. அதன் நாள் அப்போதுதான் தொடங்குகிறது. அந்த நாளை எப்போது தொடங்கவைப்பது, அதில் என்ன வேலை கொடுப்பது என்ற இரண்டும் ஓரளவு நம் கையில் இருக்கின்றன.

இந்தச் சிரிய இனத்தை 1839இல் ஜோர்ஜ் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் முதன்முதலில் விவரித்தார். 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டி, ஒரு தாயையும் குட்டிகளையும் பிடித்து, அந்தக் குட்டிகளை ஜெருசலேமுக்குக் கொண்டுபோனார். இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் சிரிய ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே குடும்பத்தின் வழிவந்தவை. முதலில் ஆய்வுகூடத்துக்குப் போய், அங்கிருந்துதான் வீடுகளுக்கு வந்தன.

ஆய்வுகூடங்கள் இதை விரும்பியதற்கு ஒரு காரணம், நம்மைத் தூங்கவிடாத அதே சில்லுதான். சில்லின் அச்சில் ஒரு சிறிய சுவிச்சைப் பொருத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு பதிவாகும்படி செய்தால், ஹாம்ஸ்டர் எத்தனை மணிக்கு எழுகிறது, எத்தனை மணிக்கு ஓய்கிறது என்பதைத் தானே எழுதிக் கொடுத்துவிடும். வெளிச்சமே இல்லாத அறையில் நாட்கணக்கில் வைத்தாலும் அது கண்டபடி ஓடுவதில்லை. ஏறத்தாழ 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, சில நிமிட வித்தியாசத்தில், தவறாமல் சில்லில் ஏறும். அதாவது நேரம் வெளியிலிருந்து வருவதில்லை, உள்ளே இருக்கிறது.

எங்கே இருக்கிறது? இரு கண்களிலிருந்தும் மூளைக்குப் போகும் நரம்புகள் குறுக்காகச் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஊசிமுனையளவு நரம்புக் கலங்களின் இரண்டு திரள்கள் உள்ளன. அவைதான் மணிக்கூடு. இதை மறுக்கமுடியாதபடி காட்டியதே ஹாம்ஸ்டர்தான். 1988இல் மார்ட்டின் ரால்ஃப், மைக்கேல் மெனாக்கர் என்ற இருவர், ஒரு ஹாம்ஸ்டரின் நாள் 22 மணித்தியாலமாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் அது. அதன் வழியில் பிறந்து, மாறிய மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குட்டிகளுக்கு நாள் வெறும் 20 மணித்தியாலம்தான். 1990இல் அவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரு ஹாம்ஸ்டரின் மூளையிலிருந்து அந்தத் திரள்களை அழித்தபோது, ஓடும் நேரம், ஓயும் நேரம் என்ற ஒழுங்கே இல்லாமல் போயிற்று. வேறு ஒரு ஹாம்ஸ்டர்க் கருவிலிருந்து அதே இழையத்தை எடுத்துப் பதித்ததும் ஒழுங்கு திரும்பியது. ஆனால் திரும்பியது பழைய நாளல்ல. கொடுத்த பிராணியின் நாள். 20 மணித்தியாலக்காரனின் இழையத்தைப் பெற்றது 20 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து ஓடியது. எனக்கு இந்த ஆய்வை எத்தனை முறை வாசித்தாலும் வியப்புத் தீர்வதில்லை.

இந்த மணிக்கூட்டைத் தினமும் திருத்தி வைப்பது வெளிச்சம். விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மட்டும் அளந்து சொல்லும் சில கலங்கள் இருக்கின்றன. அவற்றின் நரம்பு நேரே அந்தத் திரள்களுக்குப் போகிறது. இரவின் முற்பகுதியில் வெளிச்சம் பட்டால் மணிக்கூடு பின்னுக்குப் போகும், அதாவது அடுத்த நாள் பிந்தி எழும்; விடியப்போகும் நேரத்தில் பட்டால் முன்னுக்கு வரும், முந்தி எழும். பகல் நடுவில் பட்டால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை.

அலெப்போவில் கோடைப் பகலுக்கும் மாரிப் பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து மணித்தியால வித்தியாசம் உண்டு. யாழ்ப்பாணத்தில் அது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான். வருடம் முழுக்கப் பொழுது ஆறு மணியை ஒட்டியே படுகிறது. அப்படியானால் ஹாம்ஸ்டர் ஏழு மணிக்கே எழும்பவேண்டுமே, ஏன் பத்தரைக்கு எழும்புகிறது? சூரியன் போனபிறகும் நாம் ரியூப்லைற்றை எரியவிடுவதால்தான். வீட்டில் உயர்தரம் படிக்கிற பிள்ளை இருந்து, அந்த மேசைக்குப் பக்கத்திலேயே கூடும் இருந்தால், ஹாம்ஸ்டருக்கு நள்ளிரவு மட்டும் பகல்தான். பிள்ளை லைற்றை அணைத்துவிட்டுப் படுக்கும்போது இது கண்ணைத் திறக்கும்.

சரி, இதைத் திருப்பிப் போடலாம். சில்லோட்டம் மிக வேகமாக இருப்பது இருட்டிய பிறகு வரும் முதல் சில மணித்தியாலங்களில். கூட்டை ஆறரை ஏழு மணிக்கே இருட்டாகும் இடத்தில் வையுங்கள். விறாந்தையோடு ஒட்டிய சிறிய அறை, சாமான் அறை, எதுவும் சரி, காற்றோட்டம் இருந்தால் போதும். காலையில் வெளிச்சம் நன்றாக வரவேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் அதன் மணிக்கூடு நகர்ந்துவிடும். எட்டு மணிக்கு அது எழுந்து மூக்கை நீட்டும்போது நீங்களும் விழித்திருப்பீர்கள். கையில் எடுக்கலாம், விளையாட்டுக் காட்டலாம். நீங்கள் படுக்கப் போகும்போது அதன் முதல் உக்கிரம் தணிந்திருக்கும். பார்க்க வெளிச்சம் வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு பல்ப் போடுங்கள். சிவப்பு நிறம் ஹாம்ஸ்டரின் கண்ணுக்குப் பெரும்பாலும் எட்டாது. இன்றைக்கு ஏழு மணி, நாளைக்குப் பதினொரு மணி என்று மாற்றினால் மட்டும் ஒரு பலனும் இல்லை.

வெளிச்சம் மட்டும் அல்ல, ஓட்டமும் மணிக்கூட்டை நகர்த்தும். தூங்கவேண்டிய பின்னேரத்தில் ஹாம்ஸ்டருக்குப் புதிய சில்லைக் கொடுத்து ஓடவைத்தால், அடுத்த நாள் அது எழும் நேரம் முன்னுக்குத் தாவுகிறது என்பதை 1980களில் நிக்கலஸ் ம்ரசோவ்ஸ்கியும் அவரோடு வேலை செய்தவர்களும் காட்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ஒரு நாள் மூன்று மணிக்கும் இன்னொரு நாள் ஐந்து மணிக்கும் கூட்டைத் தட்டி எழுப்பினால், மூளைக்குள் இருக்கும் மணிக்கூட்டுக்கும் குழப்பம், தூக்கம் கலைந்த பிராணிக்கும் கோபம். கடி வாங்குவது பெரும்பாலும் அப்போதுதான்.

பெண் ஹாம்ஸ்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். மூன்று நாள் வழமைபோல் இருந்துவிட்டு நாலாம் நாள் கொஞ்சம் முந்தியே எழுந்து, கூடுதலாக ஓடும். அதன் இனப்பெருக்கச் சக்கரம் சரியாக நான்கு நாள். அதுவும் அதே மணிக்கூட்டோடுதான் பூட்டப்பட்டிருக்கிறது. வருத்தம் ஏதோ என்று பதறத் தேவையில்லை.

இனி அந்த இரவில் என்ன வேலை கொடுப்பது என்று பார்ப்போம்.

சில்லு கட்டாயம் வேண்டும். கூட்டில் அடைபட்ட பைத்தியத்தில்தான் ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யொஹன்னா மையரும் யூரி ரொபர்ஸும் திறந்த வெளியில் சில்லுகளை வைத்துக் கமராவில் பார்த்தபோது, காட்டு எலிகள் தாமாகவே வந்து ஏறி ஓடின. இறங்கிப் போய், திரும்பவும் வந்து ஓடின. ஒரு தவளை கூட ஏறியது. 2014இல் வெளியான ஆய்வு அது. ஓடுவது அவற்றுக்குப் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கூட்டோடு சேர்த்துக் கொடுக்கும் சில்லு பெரும்பாலும் சிறியது. சிரிய ஹாம்ஸ்டர் ஓடும்போது பக்கவாட்டில் நின்று முதுகைப் பாருங்கள். முதுகு வில்லாக வளைந்து, தலை மேலே தூக்கியிருந்தால் சில்லு போதாது. விட்டம் 28 சென்ரிமீற்றராவது இருக்கவேண்டும். குள்ள இனங்களுக்கு 20 போதும். ஓடும் பரப்பு கம்பியாக இருக்கக்கூடாது, கால் இடையில் மாட்டி முறியும். கிரீச்சென்ற சத்தத்துக்கு அச்சில் ஒரு துளி சமையல் எண்ணெய் விட்டால் சரி. உள்ளே அடைத்துத் தரையில் உருட்டிவிடும் பிளாஸ்ரிக் பந்து வேண்டவே வேண்டாம். நினைத்தபோது வெளியே வர வழியில்லை, நம் ஊர் வெக்கைக்கு அது அடுப்பு.

ஆனால் ஹாம்ஸ்டரின் உண்மையான வேலை ஓட்டமல்ல, தோண்டுவது. துருக்கியின் தெற்கில், சிரிய எல்லையை ஒட்டிய வயல்களில் காட்டு ஹாம்ஸ்டர்களின் வளைகளை அளந்தபோது, சராசரி ஆழம் 65 சென்ரிமீற்றர் இருந்தது. சில ஒரு மீற்றரையும் தாண்டின. அதே வயல்களில் பெண் ஹாம்ஸ்டர்களைத் தொடர்ந்து கவனித்தவர்களுக்கு இன்னொரு அதிசயம் கிடைத்தது. கூட்டுக்குள் இரவுப் பிராணியாக இருக்கும் இதே இனம், வயலில் பகலில்தான் வெளியே வந்தது. அதுவும் நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவாக. மீதி நேரம் முழுக்க மண்ணுக்குள். இப்படிப்பட்ட பிராணியை இரண்டு விரல் உயரத்துக்கு மரத்தூள் பரப்பிய கூட்டில் விட்டால் அது வேறு என்ன செய்யும்?

சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பகுதிக்கு 10 சென்ரிமீற்றர் படுக்கை, இன்னொன்றுக்கு 40, மற்றதுக்கு 80. பத்துச் சென்ரிமீற்றர் பெற்றவை கம்பியைக் கடித்ததும் சில்லில் ஓடியதும் மற்றவற்றைவிடக் கூடுதல். எண்பது பெற்றவற்றில் கம்பி கடிப்பதே காணப்படவில்லை. 2006இல் வெளியான இந்த முடிவை நான் ஹாம்ஸ்டர் வளர்க்கும் எல்லோருக்கும் சொல்வேன். விலைகூடிய விளையாட்டுச் சாமான் வாங்கமுன் ஆழத்தை வாங்குங்கள்.

எண்பது வீட்டில் கஷ்டம். முப்பது நாற்பது முடியும். உடைந்து ஒழுகுகிற பழைய மீன்தொட்டி இருந்தால் நல்லது, மேலே கம்பி வலை போட்டுக்கொள்ளலாம். உள்ளே நிரப்ப மரக்காலையில் அள்ளிவரும் தூள் வேண்டாம். தூசு நுரையீரலுக்குக் கூடாது, என்ன மரம், என்ன மருந்தடித்தது என்றும் தெரியாது. தூசில்லாத மரச்சீவலும், அச்சடிக்காத கடதாசியைக் கிழித்ததும், காய்ந்த வைக்கோலும் கலந்து, கையால் அமுக்கி அமுக்கி நிரப்புங்கள். அமுக்காவிட்டால் சுரங்கம் இடிந்து விழும். பஞ்சு கொடுக்கவேண்டாம், நார் காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு அடிப்பகுதி ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வரும், அந்த மாதங்களில் அடிக்கடி கையை விட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டைக் கிண்ணத்தில் குவித்து வைப்பது அதன் வேலையைப் பறிப்பதாகும். ஹாம்ஸ்டருக்கான தீனியோடு கொஞ்சம் குரக்கன், தினை, உப்பில்லாத கச்சான் இரண்டு மூன்று என்று படுக்கையின் மேலும் உள்ளும் தூவிவிடுங்கள். ஒன்றை ரிசூ றோலின் மட்டைக் குழலுக்குள் போட்டு இரு முனையையும் மடித்து வையுங்கள். அது மோந்து மோந்து தேடி, ஒவ்வொன்றாகக் கன்னப் பைக்குள் அடக்கும். அந்தப் பை தோள் வரைக்கும் போகும். வளைக்குள் போனதும் முன்கால்களால் கன்னத்தைப் பின்னாலிருந்து முன்னுக்குத் தள்ளி, அத்தனையையும் வெளியே கொட்டி அடுக்கும். பார்க்க அலுக்காத காட்சி. வெள்ளரிக்காய், கரட் சிறு துண்டு கொடுக்கலாம். நம் தோட்டத்து வெங்காயமும் உள்ளியும் மட்டும் கூடவே கூடாது. முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்வதால் கடிக்க ஏதாவது இருக்கவேண்டும். சிரட்டை ஒன்றை ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் கடிக்கவும் ஆகும், ஒளியவும் ஆகும்.

யாழ்ப்பாணத்தில் உண்மையான சிக்கல் வெக்கை. ஹாம்ஸ்டருக்கு வியர்க்காது. 18 முதல் 24 பாகை செல்சியஸ் அதற்கு இதமானது. 30ஐத் தாண்டினால் கஷ்டப்படும். சித்திரை வைகாசியில் நம் வீடுகள், அதிலும் தகரக் கூரை வீடுகள், பகல் முழுக்க அதற்கு மேலேதான். கூட்டை வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் தரையோடு வையுங்கள். ஒரு மண்முட்டியைக் கவிழ்த்தும், ஒரு தரை ஓட்டுத் துண்டும் உள்ளே வைத்தால் அது வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். தண்ணீரை உறையவைத்த போத்தலைத் துவாயில் சுற்றிக் கூட்டோடு சாய்த்து வைக்கலாம். இரவில் ஓடாமல் தட்டையாகப் படுத்து, வாயோரம் ஈரமாக இருந்தால் அது களைப்பல்ல, வெப்பத் தாக்கம். குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள், தண்ணீருக்குள் அமிழ்த்தவேண்டாம்.

துப்புரவு செய்யும்போது எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிக் கழுவிப் புதிதாக்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஹாம்ஸ்டர் தன் இடத்தை மணத்தால்தான் அறிகிறது. அது முழுக்கப் போனால் அன்றிரவு முழுக்கப் பரபரத்துத் திரும்பத் தோண்டும், அடையாளம் பூசும். மூத்திர மூலையை மட்டும் அள்ளுங்கள், மிச்சப் படுக்கையில் பெரும்பகுதியை அப்படியே விடுங்கள். சேமித்த தானியத்தையும் விட்டுவிடலாம், எறும்பு மொய்க்காத வரைக்கும். மொய்த்தால் பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பிடி புதிது வையுங்கள். கூட்டின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் நிறுத்தினால் எறும்புத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.