பாஸ்வேர்டைச் சொல்லாமலே அது கசிந்ததா என்று கேட்பது எப்படி?

"நம் பாஸ்வேர்டு வெளியே கசிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் தளம் இருக்கிறதாமே? அதில் போய்ப் பாஸ்வேர்டைத் தட்டினால் நானே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இப்படிச் சந்தேகப்படுவதுதான் சரி. முன்பின் தெரியாத தளம் எதிலும் பாஸ்வேர்டைத் தட்டக் கூடாது. ஆனால் பாஸ்வேர்டைக் காட்டாமலேயே இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அது.

முதலில் கசிவு. 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்தின் சர்வரிலிருந்து 3 கோடிக்கும் அதிகமான பாஸ்வேர்டுகள் களவு போயின. எந்த மறைப்பும் இல்லாமல், பயனர்கள் தட்டிய எழுத்துகளாகவே அவை அங்கே கிடந்தன. இப்படிப்பட்ட பட்டியல்களைத் திருடர்கள் மற்ற தளங்களில் போட்டுப் பார்ப்பார்கள். மெயிலுக்கும் வங்கிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பவர் மாட்டிக்கொள்வார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹன்ட், 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தை 2013-இல் தொடங்கினார். கசிந்த பாஸ்வேர்டுகளையும் பின்னர் அதில் திரட்டி வைத்தார். 2018-இலேயே அந்தத் திரட்டில் 50 கோடிக்கு மேல் இருந்தன.

அடுத்தது ஹேஷ். எந்த எழுத்துத் தொடரைக் கொடுத்தாலும் குறிப்பிட்ட நீளமுள்ள ஒரு குறியீடாக மாற்றித் தரும் கணக்கு இது. எஸ்எச்ஏ-1 என்ற முறையில் எப்போதும் 40 குறிகள் வரும். ஒவ்வொன்றும் 0 முதல் 9 வரை ஓர் எண், அல்லது ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து. 123456 என்று கொடுத்தால் 7சி4ஏ8டி09 என்று தொடங்கும் குறியீடு வரும். ஒரு எழுத்தை மாற்றினாலும் மொத்தமும் மாறிவிடும். குறியீட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாஸ்வேர்டை எடுக்க வழியில்லை.

அப்படியானால் ஹேஷை அனுப்பிக் கேட்டுவிடலாமே? அதுவும் கூடாது. கசிந்த ஒவ்வொரு பாஸ்வேர்டின் ஹேஷும் அந்தத் தளத்திடம் இருக்கிறது. நீங்கள் அனுப்பியது எதனுடன் பொருந்துகிறது என்று பார்த்ததுமே உங்கள் பாஸ்வேர்டு தெரிந்துவிடும்.

2018-இல் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில் இருந்த ஜுனைத் அலி இதற்கு அழகான தீர்வு கண்டார். 40 குறிகளில் முதல் 5 மட்டும் வெளியே போகும். "7சி4ஏ8 என்று தொடங்குபவை எல்லாவற்றையும் கொடு" என்று உங்கள் கணினி கேட்கும். தளமும் அந்தக் கட்டை முழுசாக அனுப்பிவிடும். மீதி 35 குறிகளை ஒப்பிடுவது உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும். வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று அலுவலரிடம் கேட்காமல், தெருவுக்கான பக்கங்களை வாங்கி வந்து வீட்டில் தேடுவது போல. நாம் எந்தப் பெயரைத் தேடினோம், அது கிடைத்ததா இல்லையா என்பது அலுவலருக்குத் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் 16 வாய்ப்புகள். ஐந்து இடங்களுக்கு 16 × 16 × 16 × 16 × 16, அதாவது 10,48,576 கட்டுகள். 50 கோடியை இத்தனை கட்டுகளாகப் பிரித்தால் ஒரு கட்டுக்குச் சராசரியாக 480. பாஸ்வேர்டுகள் எவ்வளவு தாறுமாறாக இருந்தாலும் ஹேஷ் அவற்றைச் சீராகப் பரப்பிவிடுவதால் எந்தக் கட்டும் காலியாக இருக்காது. உங்களுடையது அந்த 480-இல் ஒன்றாக இருக்கலாம், எதிலும் சேராததாகவும் இருக்கலாம். கசிந்தது என்றால் எப்படியும் தூக்கிப்போடப் போகிறீர்கள். கசியவில்லை என்றால், அதே ஐந்து குறிகளில் ஹேஷ் தொடங்கும் பாஸ்வேர்டுகள் எண்ணில் அடங்காதவை. நீளமான பாஸ்வேர்டு வைத்திருப்பவருக்கு அந்த ஐந்து குறி போனதால் நஷ்டமில்லை.

இதிலும் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. கட்டுகள் எல்லாம் ஒரே அளவு இல்லை. வழியில் நின்று கவனிப்பவர், உள்ளடக்கம் தெரியாதபடி பூட்டிய பதிலின் அளவை வைத்தே எந்தக் கட்டு என்று ஊகிக்கலாம். அதனால் 2020-இல் பொய் வரிசைகளைக் கலந்து அனுப்பும் வசதியையும் சேர்த்தார்கள். பதிலின் ஒவ்வொரு வரிசையிலும் அது எத்தனை முறை கசிந்தது என்ற எண்ணும் வரும்; பொய் வரிசைகளில் அது பூஜ்யமாக இருக்கும். உங்கள் கணினி அவற்றை ஒதுக்கிவிடும். இவ்வளவு பொறுமையாக யோசித்திருக்கிறார்களே என்று எனக்கு மலைப்பாக இருக்கும்.

நம் ஊரிலோ 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று, ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி சேர் என்று இன்னமும் வற்புறுத்துகிறார்கள். இதை நான் மூடநம்பிக்கை என்றுதான் சொல்வேன். பெயரோடு @123 சேர்த்தவர் அடுத்த முறை @124 போடுவார், அவ்வளவுதான். காரணமில்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம், புதுப் பாஸ்வேர்டு கசிந்த பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள் என அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இலேயே சொல்லிவிட்டது.

சரி, வாசகர் என்ன செய்யலாம்? குரோம், ஐபோன் போன்றவற்றில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. நுணுக்கங்கள் வேறுபட்டாலும் அவையும் பாஸ்வேர்டை வெளிப்படுத்தாமல்தான் கேட்கின்றன. 'கசியவில்லை' என்று வந்தால் பட்டியலில் இல்லை என்று மட்டுமே பொருள். பிள்ளை பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்த பாஸ்வேர்டு பட்டியலில் இல்லாமல் இருக்கலாம், ஆனால் தெரிந்தவர் ஊகித்துவிடுவார்.

ஐந்து குறிகளைக்கூட வெளியே விட மனமில்லாதவர்கள் ஹேஷ் பட்டியல் முழுவதையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பல பத்து ஜிபி வரும். பொறியியல் கல்லூரிகள் அதைத் தங்கள் சர்வரில் வைத்து, மாணவர்கள் புதுப் பாஸ்வேர்டு போடும் ஒவ்வொரு முறையும் அங்கேயே சோதிக்கலாம். இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதைவிட உபயோகமான வேலை எனக்குத் தோன்றவில்லை.